கையெழுத்துக்கு முன்னால்



இந்தப் பாடத்தில் ஒரு தாய் வருகிறார். அவர் நாமாக நினைத்துக்கொண்ட ஒருவர். ஆகவே அவருக்குப் பெயர் வைக்கவில்லை. அவர் மகன் படிக்கும் பள்ளிக்கும் பெயர் இல்லை. ஆனால் பாடத்தில் வரும் சட்டங்களும் ஆண்டுகளும் உண்மையானவை. சட்டப்படியான அளவுகளும் உண்மையானவை.

ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் ஒட்டிப் பிறந்த இரட்டை நகரங்கள். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. நம் தாயின் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். வீட்டில் தமிழ் பேசுவார்கள். தெருவில் தெலுங்கும் உருதும் பேசுவார்கள். அங்கே குடியிருப்புப் பகுதியைப் பஸ்தி என்பார்கள். கணவர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார். தாய் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். மகள் எட்டாம் வகுப்பு. மகன் பஸ்தியிலேயே உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

தாய் சின்ன வயதில் பள்ளிக்குப் போனதில்லை. பெரியவரான பிறகு மாலை வகுப்பில் எழுத்துக் கற்றார். முதலில் தமிழ். பிறகு மகளின் புத்தகத்தை வைத்துக்கொண்டு தெலுங்கு எழுத்துகளையும் கூட்டிப் படிக்கப் பழகினார். வேகமாக வராது. விரலை வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

ஒரு நாள் பள்ளிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மகள் படித்துச் சொன்னாள்.

“பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தல்னு போட்டிருக்கும்மா. அப்பா அம்மாங்கதான் ஓட்டுப் போடணுமாம். அவங்கதான் நிக்கவும் செய்யணுமாம்.”

தாய் வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னார்.

“போன தடவை நான்தான் மெம்பரு” என்றார் அக்கா.

“நீங்களா? எனக்குத் தெரியவே தெரியாதே அக்கா!”

“எனக்கே தெரியாதும்மா. பள்ளிக்கூடத்து ஆயா ஒரு நோட்டைக் கொண்டாந்து நீட்டும். இங்க ஒரு கையெழுத்துன்னு விரலை வச்சுக் காட்டும். போட்டுக் கொடுத்துருவேன்.”

“அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

அக்கா சிரித்தார். “யாரு பாத்தா? அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கும்.”

அந்த நோட்டு கூட்டத் தீர்மானப் புத்தகம். அதன்படி பார்த்தால் அக்கா இரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்குப் போய் உட்கார்ந்து கூட்டம் நடத்தியிருக்கிறார். செலவுகளை ஒப்புக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் ஒரு நாள்கூட அந்த அறைக்குள் போனதில்லை. இது ஒரு பஸ்தியில் மட்டும் நடப்பதல்ல. நாட்டில் பல இடங்களில் பள்ளிக் குழுக்கள் இப்படித்தான் காகிதத்தில் மட்டும் நடந்துவந்திருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டு நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி பெற உரிமை உண்டு என்பது அதன் அடிப்படை. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் 21-ஆவது பிரிவைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. பெற்றோருக்கான பிரிவு அது.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் 4 பேர் இருந்தால் குறைந்தது 3 பேர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ, பிள்ளைகளை வளர்ப்பவர்களாகவோ இருக்க வேண்டும். பாட்டி பிள்ளையை வளர்த்தால் பாட்டியும் வரலாம். குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஏழைக் குடும்பங்களுக்கும், ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் அவர்களுடைய எண்ணிக்கைக்குத் தக்க இடம் தர வேண்டும். மற்ற இடங்கள் ஆசிரியர்களுக்கும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஹைதராபாத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே அதிகம். அந்தப் பெற்றோருக்கு இந்த வாசல் இல்லை என்பது ஒரு குறைதான்.

எத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். இதை இரண்டு முறை படியுங்கள். “நமக்கு என்ன தெரியும்” என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் பலர் இருப்பதால் சொல்கிறோம்.

குழுவுக்கு என்ன வேலை? பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது ஒன்று. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இன்னொன்று. அரசிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வந்த பணம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பதும் அதன் வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது.

தெலங்கானாவில் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் 3 பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்த மூவரில் 2 பேர் பெண்கள். 5 வகுப்புள்ள பள்ளி என்றால் 15 பெற்றோர். அந்த 15 பேர் கூடித் தங்களுக்குள் ஒரு தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர். 2024 ஜனவரி மாதம் தெலங்கானா முழுவதும் இப்படித் தேர்தல் நடத்த அரசு அறிவித்தது.

அதே ஆண்டில் அம்மா ஆதர்ச பாடசாலைக் குழு என்ற இன்னொரு குழுவையும் தெலங்கானா அரசு அமைத்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்புத் தலைவி அதற்குத் தலைவர். கழிப்பறை, குடிநீர், பழுதுபார்ப்பு போன்ற வேலைகள் அதன் பொறுப்பில் தரப்பட்டன. பெண்கள் கையில் பொறுப்பு வந்தது நல்லது. ஆனால் அந்தத் தலைவி பெற்றோர் வாக்களித்து வந்தவர் அல்ல. உங்கள் பள்ளியில் எந்தக் குழு எந்த வேலையைப் பார்க்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இது புதிய யோசனை அல்ல

தெலங்கானா 2014 வரை ஆந்திரப் பிரதேசத்தின் பகுதியாக இருந்தது. அப்போது 1998-இலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. பள்ளிக் கல்வியில் மக்கள் பங்கேற்புக்கான சட்டம் அது. அதன்படி பெற்றோர் வாக்களித்துப் பள்ளிக் குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்கும் முன்பே, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.வி. பவுண்டேஷன் என்ற அமைப்பு, 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டக் கிராமங்களில் வேலை செய்யத் தொடங்கியது. வேலைக்குப் போன பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். பேராசிரியர் சாந்தா சின்ஹா அதை வழிநடத்தினார். 2003-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெற்றோருக்கும் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஆசை நிறைய உண்டு என்று அவர் எடுத்துக் காட்டினார். படிக்காத பெற்றோருக்குப் பள்ளி வாசலே பயமாக இருக்கும். படிவம் பயம். ஆசிரியர் கேட்கும் கேள்வி பயம். அந்தப் பயத்தைப் போக்கப் பள்ளியும் ஊரும் என்ன செய்தன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வெளிநாட்டுச் செய்தி ஒன்று. இங்கிலாந்தில் 1918 வரை பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. ஆனால் 1870-இல் லண்டன் நகரில் பள்ளி வாரியத் தேர்தல் நடந்தபோது பெண்களும் நின்றார்கள். எலிசபெத் காரெட் என்ற மருத்துவரும் எமிலி டேவிஸ் என்பவரும் வென்றார்கள். பிள்ளைகளின் பள்ளி வழியாகத்தான் அந்த நாட்டுப் பெண்கள் தேர்தலுக்குள் நுழைந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஓர் ஆட்சிக் குழு உண்டு. வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பெற்றோர்தான் அதிகமாக இருக்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அப்போது குழுவில் 20 பேர் இருந்தார்கள். அவர்களில் 15 பேர் பெற்றோர்.

இப்போது நம் தாயிடம் திரும்பி வருவோம்.

“ஏங்க, நான் நிக்கட்டுமா?”

இரவு சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டார்.

“எதுக்கு?”

“பள்ளிக்கூடக் கமிட்டிக்கு.”

“காசு உண்டா?”

“இல்ல.”

“அப்ப ஒரு நாள் வேலை போகும். அவ்வளவுதான்.”

கணவர் சொன்னதில் தவறு இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்கு வீட்டுக்காரம்மா சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார். குழுக்களில் ஏழைகள் உட்காராமல் போவதற்கு அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது சரியல்ல. கூலியும் ஒரு காரணம். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான நேரத்தில் கூட்டம் வைக்கும்படி உறுப்பினர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

தாய் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். “பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ் பூட்டியே கிடக்குதுங்க. நம்ம பொண்ணு அங்க அஞ்சாவது வரைக்கும் தண்ணி குடிக்காமலே உக்காந்திருந்தா. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

கணவருக்கு ஞாபகம் இருந்தது. அதனால் வந்த வயிற்று வலியும், காந்தி ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நாளும் ஞாபகம் இருந்தன.

“சரி, நில்லு” என்றார்.

கை தூக்கிய காலை

மூன்றாம் வகுப்பில் 26 பிள்ளைகள். பாதிக் குடும்பங்களாவது வந்தால்தான் தேர்தல் நடத்தலாம். அதாவது 13 பேர். ஒன்பதரை மணிக்கு 11 பேர்தான் இருந்தார்கள். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தாய் எழுந்து ஓடினார். தெருமுனையில் பூ விற்கும் அம்மா ஒருவர். அவர் பேத்தி அதே வகுப்பில் படிக்கிறாள். “எனக்கு என்னம்மா தெரியும், கைநாட்டு நான்” என்றார் அவர். “கையைத் தூக்கத் தெரியுமில்ல, வாங்க அம்மா” என்று கூட்டிக்கொண்டு வந்தார் தாய். வழியில், இரவுக் காவல் முடித்துத் தூங்கப் போன ஒரு தகப்பனையும் எழுப்பிக் கூட்டிவந்தார். 13 ஆயிற்று.

“எலெக்‌ஷன் எதுக்கு? நாமளே மூணு பேரைச் சொல்லிருவோம், சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றார் ஒரு தகப்பன். ஏற்கனவே மூன்று பெயர்களை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார். பெரும்பாலும் இப்படித்தான் முடியும். சண்டை இல்லாமல் ஒருமனதாக முடிவது நல்லதுதான், எல்லோரும் மனமொப்பிச் சொன்னால். சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாவிட்டால் அது ஒருமனது ஆகாது.

“நானும் நிக்கிறேன்” என்றார் தாய். குரல் நடுங்கியது. ஏன் நிற்கிறீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். தயாராக வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. “கக்கூஸ் சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்கணும் டீச்சர்” என்றார். சிலர் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை.

இரண்டு தகப்பன்மாரும் மூன்று தாய்மாரும் நின்றார்கள். கைகளை எண்ணினார்கள். நம் தாய்க்கு 8 கைகள். பூக்கார அம்மாவின் கை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

நீங்கள் நிற்கப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தேர்தலுக்கு முன்பு வாக்காளர் பட்டியலைப் பள்ளியில் ஒட்டுவார்கள். போய் உங்கள் பெயரைத் தேடுங்கள். இல்லாவிட்டாலும் தவறாக இருந்தாலும் அப்போதே தலைமையாசிரியரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

நோட்டு வந்தது

தலைவர் தேர்தல் மதியம் முடிந்தது. இன்னொரு வகுப்புப் பையனின் அம்மா தலைவர் ஆனார். எல்லோரும் உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு முதல் கூட்டம். பழைய நோட்டை மேசைமேல் வைத்தார் தலைமையாசிரியை. ஒரு பக்கம் முழுவதும் முன்கூட்டியே எழுதியிருந்தது. கீழே பேனாவைச் சுற்றுக்கு விட்டார்கள்.

நோட்டு தாயிடம் வந்தது. அவர் விரலை முதல் வரியில் வைத்தார்.

அறை அமைதியானது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று.

“நேரமாகுதும்மா, கையெழுத்துப் போடுங்க” என்றார் தலைமையாசிரியை.

“படிச்சுட்டுப் போடறேன் மேடம். எனக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் வரும்.”

அந்தச் சில நிமிடங்கள் தாய்க்கு மிகவும் சிரமமாக இருந்தன. காது சூடானது. யாரோ செருமினார்கள். ஆனால் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. நாலாவது வரியில் நின்றது.

“கழிப்பறை பழுதுபார்த்த செலவு 18,000 ரூபாய்னு இருக்கு. பொம்பளப் புள்ளைங்க கழிப்பறை பூட்டித்தானே இருக்கு மேடம்?”

தலைமையாசிரியைக்குக் கோபம் வந்தது. முகத்தில் தெரிந்தது. பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து விரித்தார். ரசீதுகள் இருந்தன. பையன்கள் பக்கம் குழாய் மாற்றியதற்கும், தொட்டி கட்டியதற்கும் ஆன செலவு அது. பெண்கள் பக்கம் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோயிருந்தது. தண்ணீர் இல்லாமல் திறந்துவிட்டால் நாறிவிடும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். யாரும் திருடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மத்திய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டம் 2018-இல் தொடங்கியது. பள்ளியின் அன்றாடச் செலவுக்கு அதில் ஆண்டு மானியம் உண்டு. 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கிடைக்கும். அதில் 100 ரூபாய்க்கு 10 ரூபாயாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் தாயின் பள்ளியில் 112 பிள்ளைகள். அந்த ஆண்டு அதுவரை வந்தது 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கழிப்பறைக்கு 18,000. சாக்பீஸ், பதிவேடு, மின்விளக்கு முதலியவற்றுக்கு 4,200. மொத்தம் 22,200. மீதி எவ்வளவு? நீங்களே கழித்துப் பாருங்கள்.

2,800 ரூபாய். மோட்டார் சுருள் கட்ட 2,500 ஆகும் என்றார் ஒரு தகப்பன். அவர் மின்சார வேலை தெரிந்தவர். அன்றே தீர்மானம் எழுதினார்கள். கழிப்பறைச் சாவியை ஆணியில் மாட்டுவது, ஐந்தாம் வகுப்புப் பெண்கள் கையெட்டும் உயரத்தில், என்றும் எழுதினார்கள். இந்த இரண்டாவது தீர்மானம் கேட்கச் சின்னதாக இருக்கும். எழுதுகிற எங்களுக்கு அதுதான் மிகவும் பிடித்திருக்கிறது.

தாய் கடைசி வரி வரை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மகள் கேட்டாள். “நோட்டுல எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது எல்லாரும் பாத்தாங்களாம்மா?”

“பாத்தாங்க” என்றார் தாய். “பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க. அதுக்குள்ள படிச்சு முடிச்சுட்டேன்.”

எழுத்தறிவு இயக்கத்தில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு செய்தி உண்டு. நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற கிராமம். அங்கே எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தைப் பற்றி ஒரு பாடம் வந்தது. அதைப் படித்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-இல் அது பெரிய போராட்டமாகப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரப் பிரதேசத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அந்தப் பெண்களும் விரலை வைத்துப் படித்தவர்கள்தான்.

சாப்பாடும் குழுவின் வேலைதான்

பள்ளியில் மதிய உணவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் மேலாண்மைக் குழுவுக்கு உண்டு. 2015-ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள் இதைச் சொல்கின்றன. உணவின் தரம், சமைக்கும் இடத்தின் சுத்தம் இரண்டையும் குழு பார்க்கலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு அளவு இது: அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முன் உள்ள எடை. 100 பிள்ளைகள் சாப்பிட்டால் 10 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, 5 கிலோ காய்கறி வேண்டும். ஹைதராபாத்தில் பல பள்ளிகளுக்கு உணவு பெரிய சமையற்கூடத்திலிருந்து வண்டியில் வருகிறது. அங்கே அரிசியை நிறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் சாம்பாரில் கரண்டி விட்டால் பருப்பு வருகிறதா, சோறு எல்லோருக்கும் போதுகிறதா என்று பார்க்கலாம். வீட்டில் தினமும் சமைப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாலாவது ஆசிரியர்

எல்லாம் குழுவின் கையில் இல்லை. நம் தாயின் பள்ளியில் 3 ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 61 முதல் 90 பிள்ளைகள் வரை 3 ஆசிரியர்கள். 91 முதல் 120 வரை 4 ஆசிரியர்கள். 112 பிள்ளைகளுக்கு எத்தனை? 4 பேர் வேண்டும். ஒருவர் குறைவு. அதனால்தான் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன.

ஆசிரியரை நியமிக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதி அனுப்பலாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர் தேவை, எத்தனை அறை தேவை, எவ்வளவு பணம் தேவை என்று அதில் எழுத வேண்டும். கூடவே ஒரு மனுவும் கொடுக்கலாம். குழு எழுதிய மனு இது. தெலுங்கில் எழுதியதை இங்கே தமிழில் தருகிறோம்.

பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர், ஹைதராபாத்.
ஐயா / அம்மா,
எங்கள் பள்ளியில் 1 முதல் 5 வகுப்பு வரை 112 பிள்ளைகள் படிக்கிறார்கள். 3 ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 4 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 3, 4 ஆகிய வகுப்புகள் ஒரே அறையில் நடக்கின்றன. ஆகவே இன்னும் ஓர் ஆசிரியரை நியமிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் குழுத் தீர்மானத்தின் நகலை இணைத்துள்ளோம்.
இப்படிக்கு, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்.

மனுவில் கெஞ்சல் இல்லை, திட்டும் இல்லை. எண்ணும் சட்டமும் மட்டும் இருக்கின்றன. நேரில் கொடுத்தபோது நகலில் தேதி போட்டு அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டார்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அது, மனு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நாலாவது ஆசிரியர் வந்தாரா? இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தின் நோட்டில் அது முதல் வரியாக எழுதப்பட்டிருந்தது. அன்று நோட்டு வீட்டுக்கு வரவில்லை. உறுப்பினர்கள் பள்ளிக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா உறுப்பினர் இல்லை. ஆனாலும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “அந்த நோட்டுல என் பழைய கையெழுத்தெல்லாம் இருக்குமில்ல? எது எதுக்குப் போட்டேன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டு” என்று தாயிடம் கேட்டார்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறதா? தலைவர் யார்?

பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள்? அட்டவணைப்படி சரியாக இருக்கிறதா?

கூட்டத்தை எந்த நாள், எந்த நேரத்தில் வைத்தால் உங்கள் தெருவில் உள்ளவர்கள் கூலி போகாமல் வர முடியும்?

எழுதிப் பழகுவோம்

என் பெயர் ........................
என் பிள்ளை படிக்கும் வகுப்பு ..........
நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தலில் நிற்க விரும்புகிறேன். காரணம் ........................................